நாலாம் நம்பர் மெஷினில் மட்டும் ஓடிய ஜீப் பட்டியல்

மழைக்காலத்தில் எங்கள் பள்ளி கம்ப்யூட்டர் லேபுக்குள் போனால் ஈர சாக்ஸ் வாடைதான் முதலில் வரும். ஷூவை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, ஓடிப்போய் நாலாம் நம்பர் மெஷினைப் பிடிப்பேன். அப்போது ஒன்பதாம் வகுப்பு...

தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் பிள்ளைகள் மாலையில் எந்த ஜீப்பில் ஏற வேண்டும் என்று பட்டியல் போடும் ஒரு புரோகிராம். பள்ளி மேளாவில் நடக்கும் கம்ப்யூட்டர் போட்டிக்காக நானும் என் வகுப்பு ஜெயராணியும் எழுதினோம். எழுதினோம் என்பது சும்மா. எழுதியது நான்தான்.

புரோகிராம் சரியாக வேலை செய்கிறதா என்று தானே சோதித்துச் சொல்லும் டெஸ்ட்டுகளை எழுதுவதில் எனக்கு அப்படியொரு பைத்தியம். ஒரு ஜீப் வராவிட்டால், ஒரு பிள்ளை லீவு போட்டால்... எல்லாவற்றுக்கும் டெஸ்ட். ஒரு கட்டளை கொடுத்தால் எண்பத்து மூன்று டெஸ்ட்டும் தானாக ஓடி, பாஸ் என்று பச்சையாக விழும். அதற்காக ஒரு டேட்டாபேஸ், நெட்டிலிருந்து இறக்கிய ஏழெட்டு லைப்ரரி என்று துணைக்கு வேண்டியதையெல்லாம் அந்த மெஷினில் ஏற்றியிருந்தேன். எதை எதை ஏற்றினேன் என்று குறித்துவைக்கவில்லை.

ஜெயராணி வீட்டில் அண்ணனின் பழைய லேப்டாப் இருந்தது. அவர்கள் இருந்த எஸ்டேட் வரிசை வீட்டில், அந்த லயத்தில், நெட் எடுக்காது. புரோகிராமைப் பென் டிரைவில் கொண்டுபோவாள். மறுநாள், ஓடாமல் பிழை என்று சிவப்பு எழுத்து நிறைந்த திரையைப் போனில் படம் எடுத்து வருவாள். மூன்று வாரம் இதே கதை.

"டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுதே ஜெயா..."

"ஆகும்ட்டி, ஒன் மெஷின்ல. பரீட்சை நல்லாத்தான் வச்சிருக்க. ஹால் கதவத்தான் பூட்டிட்ட."

சொன்னதோடு நிற்கவில்லை. டீச்சரிடம் போய், "என் பேர எடுத்துருங்க டீச்சர், நா ஒண்ணுமே செய்யல" என்றாள். வெள்ளிக்கிழமை பெயர் அனுப்ப வேண்டும், அதற்குள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள் என்றார் டீச்சர்.

இரண்டு நாள் உட்கார்ந்து டெஸ்ட்டுகளைப் பிரித்தேன். வேறெதையும் ஏற்றாமல், புரோகிராம் எழுதிய பைதான் மொழி மட்டும் இருந்தாலே ஓடக்கூடியவை இருபத்தொன்று தேறின. அவற்றோடு மாதிரிப் பட்டியலையும், எப்படி ஓட்டுவது என்று ஒரு பக்கக் குறிப்பையும் ஒரே ஃபோல்டரில் வைத்து அவளிடம் கொடுத்தேன். மற்றவை மேளாவுக்கு முன் ஒருமுறை லேபில் ஓடினால் போதும்.

வியாழக்கிழமை காலை ஜீப்பிலிருந்து குதித்தவள், "ஏட்டி, ஓடுது!" என்றாள். அடுத்த மூச்சில், "எங்க எஸ்டேட் டிவிஷன் பிள்ளைக பேரெல்லாம் போட்டுப் பாத்தேன். ரெண்டு எம். செல்வி இருக்காளுகல்ல, பட்டியல்ல ஒருத்திதான் வாரா. இன்னொருத்தி நடந்தா போவா?"

டெஸ்ட்டில் இருந்த பெயர்கள் எல்லாம் நானாக வைத்தவை. ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது. ஒரே லயத்தில் ஒரே இனிஷியலோடு இரண்டு செல்விகள் இருப்பது எங்கள் ஊரில் அதிசயமா என்ன? எனக்குத்தான் தோன்றவில்லை.

அன்று மாலை ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். எண்பத்து நான்காவது டெஸ்ட்டை அவளே எழுதினாள். முதலில் சிவப்பு. சரிசெய்தபின் பச்சை. வெள்ளிக்கிழமை எங்கள் இரண்டு பெயரும் மேளாவுக்குப் போயின. பரிசு கிடைக்கவில்லை.

இப்போது நான் பிளஸ் ஒன். ஜெயராணி சித்தூரில் சித்தி வீட்டிலிருந்து படிக்கிறாள். எந்தப் புரோகிராமைத் தொடங்கினாலும், வேறொரு மெஷினில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் முதல் டெஸ்ட். அவளுக்கு அனுப்பினால் பத்தே நிமிடத்தில் 'ஓடுது' என்று மெசேஜ் வரும்.

நல்லதுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடுகிறது...