லாரியைத் தடுத்த பாறைகள்

1. ஞாயிற்றுக்கிழமை போன்

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சேந்தமங்கலத்தில் கறிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பாவாயி அக்காவிடமிருந்து போன் வந்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், மேச்சேரி இனச் செம்மறி ஆடு வளர்ப்பவர்.

"போர்மேனுங்க, சித்த ஓடியாங்க. கீர்த்தனா பழைய குவாரிக்குள்ள மாட்டிக்கிட்டா. ஆட்டப் புடிக்க எறங்குனவ ஏற முடியாம நிக்கிறா."

கீர்த்தனா என் மகள். கல்லூரி விடுமுறைக்கு வந்தவள், வீட்டு ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போயிருந்தாள். நான் மைன்ஸ் போர்மேன், குவாரி வேலையை மேற்பார்ப்பவன். கல்குவாரிகளிலேயே பாதி ஆயுள் போய்விட்டது. அந்தப் பழைய குவாரியும் நான் வேலை பார்த்ததுதான். அதன் ஆழம் எனக்குத் தெரியும் என்பதே அன்றைக்குப் பெரிய பயமாக இருந்தது. வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு போனேன் என்பது இன்றுவரை நினைவில் இல்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொல்லப்போகும் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

2. ஆடு ஏன் அங்கே போனது

குவாரி வருவதற்கு முன்பு அது மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். பெய்கிற கொஞ்ச மழை ஓடையில் இறங்கிக் குட்டையில் தேங்கும். கோடை முழுக்க ஆடுமாடுகளுக்கு அதுதான் தண்ணீர்.

பாறைக்கு மேலிருந்த மண்ணையும் கழிவுக் கல்லையும் கம்பெனி அந்த ஓடையின் குறுக்கே கொட்டியது. குட்டைக்குத் தண்ணீர் வருவது நின்றது. குழி ஆழமானபோது பாறை இடுக்கில் ஓடிய ஊற்றுகளை வெட்டினோம். பக்கத்துக் கிணறுகளுக்குப் போக வேண்டிய தண்ணீர் எங்கள் குழியில் கசிந்தது. குவாரி ஓடியவரை அதை மோட்டார் வைத்து இறைத்து வெளியே விட்டோம். மூடியபிறகு இறைக்க ஆளில்லை. கிணறுகள் காய்ந்து கிடந்த கோடையில், அந்த வட்டாரத்தில் தண்ணீர் நின்ற ஒரே இடம் குழிதான். தாகம் எடுத்த ஆடு வேறு எங்கே போகும்?

3. மூடிய விதம்

குவாரியை மூடும்போது முதலாளிக்கு ஒரே கவலை, திருட்டுத்தனமாகக் கல் அள்ளுகிறவர்கள் வந்துவிடக் கூடாது என்பதுதான்.

"லாரி எறங்கற ரேம்ப நடுவுல வெட்டி உட்ருங்க. வாயில பெரிய பெரிய பாறையா உருட்டி வெச்சிருங்க. தீந்துது" என்றார்.

"ஏனுங்க, ஆடு மாடு தண்ணிக்கு எறங்குமுங்களே. கம்பி வேலி போட்டு, வெளிய ஒரு தொட்டி கட்டிரலாமுங்க" என்றேன்.

"போர்மேனு, நான் குவாரி நடத்துனனா, ஆட்டுப்பட்டி நடத்துனனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னபடியே வேலை நடந்தது. அதன் பிறகு ஒரு லாரியும் உள்ளே போகவில்லை. ஆனால் இரண்டு பாறைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி ஓர் ஆடு நுழையத் தாராளமாகப் போதும்.

அன்றைக்கு எங்கள் ஆடு அப்படித்தான் நுழைந்தது. ரேம்ப் வெட்டுப்பட்ட இடம்வரை போய், தண்ணீர் வாடை பிடித்து, கீழே இருந்த பெஞ்சில் குதித்துவிட்டது. பெஞ்ச் என்பது பாறைச் சுவரில் படியாக வெட்டிவிடும் ஒடுக்கமான தளம். ஆட்டைப் பிடிக்கக் கீர்த்தனாவும் சறுக்கி இறங்கிவிட்டாள்.

4. சுவரில் கோடு

நான் போனபோது குழியின் விளிம்பில் கூட்டம். ஒருவர் கையில் கயிறு.

"ஓரத்துக்குப் போவாதீங்க! எல்லாரும் பின்னால வாங்க!"

"கவுறு போட்டா ஏறிருவாங்க சார்" என்றார் கயிறு வைத்திருந்தவர்.

"நீங்க நிக்கிற கல்லு அவ தலைமேல உழுந்தா அப்பறம் யாரு ஏறுவா?"

வெடி வைத்தபின் சுவரில் லூஸ் கற்கள் தொங்கும். கடப்பாறையால் அவற்றைத் தள்ளிவிட்ட பிறகுதான் கீழே ஆளை இறக்குவோம். அதற்கு டிரெஸ்ஸிங் என்று பெயர். அங்கே கடைசி வெடியோடு குவாரியை மூடிவிட்டார்கள். டிரெஸ்ஸிங் செய்யவில்லை.

கீர்த்தனா ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கீழே பச்சைத் தண்ணீர்.

"அப்பா, ஆட்டுக்கு ஒண்ணும் ஆவல."

"ஆட்ட உடு மொதல்ல."

"உட்டா குதிச்சுரும்ப்பா."

அவளை எங்கே நிறுத்துவது என்று சுவரைப் பார்த்தேன். வெடித்த சுவரில், மருந்து வைக்கத் துளை போட்ட தடம் நீளக் கோடாக அப்படியே நின்றால் அந்தப் பாறை வெடி அதிர்வில் விரிசல் விடவில்லை என்று அர்த்தம். கோடு இல்லாமல் நொறுங்கியிருந்தால் அதை நம்பக் கூடாது. அவள் நின்றது நொறுங்கிய பகுதிக்கு நேர் கீழே.

"கீர்த்தி, உனக்கு எடது பக்கம் சுவத்துல மேலிருந்து கோடு கோடா தெரியுதா?"

"தெரியுது."

"அங்க போயி முதுக ஒட்டி நில்லு. நான் சொல்ற வரைக்கும் நகராத."

ஆட்டையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

பொக்லைன் ஓட்டும் சிக்கந்தர் பாய் பக்கத்துத் தோட்டத்தில் வேலையாக இருந்தார். கூப்பிட்டதும் மெஷினோடு வந்துவிட்டார். ரேம்ப் வாயில் பாறைகளை அடுக்கியவரும் அவர்தான். அந்தப் பாறைகளையே எடுத்து, வெட்டுப்பட்ட இடத்தை அந்தப் பெஞ்சுவரை சரிவாக நிரப்பச் சொன்னேன்.

"அதிர்வு கூடாது பாய். பக்கெட்டத் தட்டாதீங்க."

"பூ மாதிரி வெக்கிறேன் சார். நீங்க புள்ளயப் பாருங்க."

பாதி நிரம்பியிருந்தபோது சுவரிலிருந்து கற்கள் சரிந்தன. கீர்த்தனா முதலில் நின்ற இடத்தில் விழுந்து, உருண்டு தண்ணீருக்குள் போயின. பாய் மெஷினை நிறுத்திவிட்டார். "அசையாத சாமி, அசையாத" என்று பாவாயி அக்கா மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். கல் சரிவது நிற்கும்வரை காத்திருந்து, பிறகு கையைக் காட்டினேன். பாய் மறுபடி ஆரம்பித்தார்.

பள்ளம் நிரம்பியதும் நான் மட்டும் இறங்கினேன். கீர்த்தனா முதலில் ஆட்டைத்தான் என்னிடம் தள்ளினாள். அதை மேலே விரட்டிவிட்டு அவள் கையைப் பிடித்தேன். கை ஜில்லென்று இருந்தது.

5. ஓடையில் மெஷின்

தகவல் தெரிந்து முதலாளி வந்தார். நான் அப்போது வேலை பார்த்ததும் அவருடைய வேறொரு குவாரியில்தான். திறந்து கிடந்த ரேம்பைப் பார்த்தார்.

"நல்லவேளை, ஒண்ணும் ஆவல. சாயந்தரமே மறுக்கா அடைச்சுப்போடலாம்."

பாவாயி அக்கா முந்திக்கொண்டார். "பாறையப் போட்டா லாரி நிக்கும். ஆடு என்ன லாரியாங்க மொதலாளி?"

"அடைக்க வேண்டாமுங்க" என்றேன். "மொதல்ல ஓடையில கொட்டுன மண்மேட்ட வெட்டி உடோணும். குட்டையில தண்ணி நின்னா ஆடு இங்க வராது. குழியச் சுத்திக் கம்பி வேலி. சுவத்துக்கு டிரெஸ்ஸிங். ரேம்பு தண்ணி மட்டம் வரைக்கும் சரிவா இருக்கட்டும். தவறி உழுந்த உசுரு ஏறி வரோணுமுங்க."

"இத்தன வேலைக்கும் யாரு டீசல் ஊத்தறது?"

"நீங்கதானுங்க. இல்லீன்னா நாளைக்குக் கனிமவள ஆபீசுக்கு நானே போயி, குவாரிய எப்படி மூடுனோம்னு சொல்லுவேன். வேல போனாலும் செரி."

அவர் பாயிடம் திரும்பி, "நாளைக்கு மெஷின் ஓடையில நிக்கட்டும்" என்றார்.

மழைக் காலத்தில் குட்டைக்குத் தண்ணீர் வந்தது. நிறையவில்லை, பாதிதான். வெள்வேல மரங்களில் படிந்திருந்த கல்தூசியை மழை கழுவிவிட்டது. கிணறுகள் மட்டும் திரும்பவில்லை. வெட்டிய ஊற்றை ஒட்டவைக்க என் தொழிலில் வழி இல்லை. அதனால்தான் புதியவர்களுக்குச் சொல்கிறேன்: தோண்டும்போதே கழிவை ஓடையில் கொட்டாதீர்கள். மூடுவதற்குத் திட்டம் போடும் முன் ஒரு கோடை மத்தியானத்தில் அங்கே போய், ஆடுகள் எந்தப் பக்கம் நடக்கின்றன என்று பாருங்கள். அந்தக் காட்டில் தண்ணீர் எங்கே மிச்சமிருக்கிறது என்பது அப்போது தெரியும்.

கீர்த்தனா விடுமுறைக்கு வந்தால் இப்போதும் ஆட்டை ஓட்டிக்கொண்டு கிளம்புகிறாள். எங்கே போகிறாய் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

"குட்டைக்குத்தாம்ப்பா" என்கிறாள்.

அந்தப் பதிலுக்காகத்தான் அந்த மண்மேட்டை வெட்டினோம்.