தபிதாள் கை

அது கண்ட்ரோல் காலம். ரேஷனில் கிடைத்த துணி ரவிக்கைக்கே பற்றாது. எங்கள் திருத்தணித் தையல்காரி தபிதாள்தான் நெசவுக்காரர் வீட்டு வெட்டுத் துண்டுகளை இதழ் இதழாக மடித்து, தோளில் மொட்டு மாதிரி நிற்கும் ரவிக்கைக் கை ஒன்றைக் கண்டுபிடித்தாள். அவளேதான். வேறு யார் பேரைச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மிஷன் அம்மா அவளுக்கு ஒரு தையல் மெஷின் கொடுத்திருந்தார். ஆடிக் கிருத்திகைக்குள் வேலை பெருகாவிட்டால் அது வேறொரு பெண்ணுக்குப் போய்விடும்.

பெருகத்தான் பெருகியது. திடீரென்று ஒருவரும் வரவில்லை. பார்த்தால், கடைத்தெரு டெய்லர் சிங்காரம் அதே கையைத் தைத்துத் தொங்கவிட்டிருக்கிறார்! அவர் மனைவி வரலட்சுமி மணவூர்க் கல்யாணத்துக்கென்று, தபிதாள் எனக்குத் தைத்த ரவிக்கையை இரவல் வாங்கிப் போயிருந்தாள். அதைப் பிரித்து அளவெடுத்து, மறுபடி தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இரவல் கேட்டால் இன்றைக்கும் கொடுப்பேன். அது வேறு விஷயம்.

தபிதாள் நேரே போனாள். "அண்ணே, இது நான் கண்டுபிடிச்சதுங்க."

"எந்தக் கோர்ட்டுல எழுதிக்கிது? போம்மா, வெயில் ஏறுது."

வக்கீல் குமாஸ்தா நாகேந்திரனும், "முன்னாடியே பதிஞ்சி வச்சிருந்தா கேக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

கிருத்திகை அன்று மலைப்படியில் பார்க்கிறேன், புது ரவிக்கைக்காரிகள் எல்லோரும் வலது கையை மட்டும் தூக்கி அரோகரா போடுகிறார்கள்!

"ஏம்மே கௌரி, இடது கை எங்க?"

"தூக்கவே வுட மாட்டேங்குது தாயாரக்கா! தோள்ல புடிச்சி இழுக்குது. எல்லாருக்கும் இதே கதிதான்."

எனக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்ததில் என் இடது தோள் கொஞ்சம் தாழ்வு. தபிதாள் அதற்குத் தகுந்தாற்போல் வெட்டியிருந்தாள். சிங்காரம் அதையும் விடாமல் ஊருக்கே தைத்துவிட்டார்!

"அடிப் பாவிங்களா, எல்லாரும் என் தோளை மாட்டிகினு வந்துகிறீங்க!"

படியிலேயே உட்கார்ந்து சிரித்தோம்.

மறுநாள் திரும்பி வந்த ரவிக்கைகளை அள்ளிக்கொண்டு சிங்காரம் தபிதாளிடம் வந்தார். "சரி பண்ணிக் குடும்மா. தெருவுல தலைகாட்ட முடியல."

"இனிமே வெட்டறது நான், தைக்கறது நீங்க. யார் கேட்டாலும் தபிதாள் கைன்னு சொல்லணும்."

"ஆங், சொல்றேன்."

"இங்க இல்லிங்க. கடைத்தெருவுல."

போனார். "தபிதாள் கை, தபிதாள் கை!" என்று அவர் கூவியது ரயிலடி வரைக்கும் கேட்டது. மிஷன் அம்மா மெஷினை எடுத்துப் போக வரவில்லை. தனக்கே ஒரு ரவிக்கை தைக்கச் சொல்லி வந்தார்.