பொன்னுருக்கலுக்கு வந்த ஆமைக் காசு

உடப்புக் கடற்கரையில் பிறந்து, அதே கரையில் கடந்த ஆண்டு கண்மூடிய எங்கள் அண்ணனுக்கு இது முதலாவது ஆண்டுத் திவசம். அப்பா கடலோடு போனபோது அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுக் கரைவலை இழுக்கப் போனார், நான் படித்தேன். மாவட்ட நிர்வாகக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்து, எந்தப் படிவத்தை எத்தனை பிரதியில் நிரப்புவது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றேன்.

அண்ணன் பின்னர் சரக்குக் கப்பலில் சமையற்காரரானார். யுத்தம் முடிந்த பிறகே ஊரோடு வந்து சேர்ந்தார். விடைபெறும்போது கப்டன் அவருக்கு ஒரு தங்க நாணயம் கொடுத்திருந்தார். பசிபிக் கடலில் நமது மாவட்டத்தை விடச் சிறிய தீவு நாடொன்று வெளியிட்டது. ஒரு பக்கம் ஆமை. மறுபக்கம் பத்து டொலர் என்ற எழுத்து.

தம் மகனின் கலியாணத்துக்குப் பொன்னுருக்கியபோது, தாலிக்கென்று அதைத்தான் அண்ணன் தட்டத்தில் வைத்தார். பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்க, தட்டம் என்னிடம் வந்தது. நான் கண்ணாடியைப் போட்டு வாசித்தேன்.

"பத்து டொலர் எண்டு போட்டிருக்கு அண்ணன். பத்து டொலருக்கு எந்த அரசாங்கம் தங்கம் குடுக்கும்? இது விளையாட்டுக் காசு."

முற்றமே சிரித்தது. "ஆமைத் தாலியோ? பொம்பிளை மெதுவாத்தான் நடப்பா!" என்றார் மைத்துனர் ஒருவர்.

"உரைச்சுப் பார்க்கட்டா ஐயா?" என்று பொன்னுருக்க வந்த பத்தர் கேட்டார்.

"நல்ல நேரம் போகுது" என்று சொல்லி, என் மோதிரத்தைக் கழற்றித் தட்டத்தில் போட்டேன்.

அண்ணன் நாணயத்தை எடுத்து மடியில் செருகினார். "ஓம் தம்பி, நீ படிச்சவன். நீ சொன்னாச் சரிதான்."

அதன்பின் அவர் அதை யாருக்கும் காட்டவில்லை. நானோ, தாலிக்குப் பொன் கொடுத்தவன் என்ற பெருமையைப் போகுமிடமெல்லாம் வாங்கிக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் அண்ணி அலுமாரியிலிருந்து அந்த நாணயத்தை எடுத்துத் தந்தார். சொத்துப் பட்டியலில் 'பெறுமதியற்றது' என்று எழுதுவதற்கும் அத்தாட்சி வேண்டும் என்பது என் நடைமுறை. சிலாபத்துக்கு, அதே பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்தார்.

"சுத்தத் தங்கம் ஐயா. சேர்த்து வைக்கிற ஆக்களுக்கெண்டு சின்னச் சின்னத் தீவு நாடுகள் அடிக்கிறது. எழுதின தொகையை ஆர் பாக்கிறது? அண்டைக்கும் நான் ஒரு கோடுதானே கேட்டனான்."

அண்ணனின் கடைசி நாட்களில் இரவு பகல் பாராது கவனித்த தாதியருக்கும், அவரைச் சுமந்து சென்ற கரைவலைத் தோழர்களுக்கும், மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குச் சோறு அனுப்பிய அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. நாணயம் இப்போது அண்ணியிடம் இருக்கிறது.

அன்று அந்த முற்றத்தில் இருந்த பலரின் கைகளில் இந்த நினைவு மலர் இருக்கும். உங்களைச் சிரிக்க வைத்தவன் நான். அண்ணன் தம் மகனுக்கென்று தட்டத்தில் வைத்தது பொன். அவர் காது கேட்க நான் இதைச் சொல்லவில்லை, நீங்களாவது கேளுங்கள்.