தவக்காலத்தில் வந்த எலும்பு

மூன்று நாளாக வைரஸ் காய்ச்சல். நான்காம் நாள் காலையில் எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சும் வரவில்லை. மூச்சை இழுத்தால் கீச்சென்று ஒரு சத்தம். ஒரே அதட்டலில் வகுப்பை அடக்குகிற வாத்தியாரம்மா நான். என் வாய் அடைத்த அன்று வீட்டில் எல்லோருக்கும் வாய் திறந்துவிட்டது.

“இது தொக்கம்தான், தொண்டையில என்னமோ சிக்கிருச்சு” என்றார் நாத்தனார். “தாடிக்கொம்பு பக்கம் ஒரு அம்மா உறிஞ்சி எடுக்குது. செத்த நேரத்துல சரியாயிரும்.”

நான் நோட்டில் ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதி என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். “போவோம். மொதல்ல அக்கா சொல்றதப் பாத்துருவோம்” என்றார். எங்கள் தெருமுனையிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆட்டோ அதைத் தாண்டிப் போனது.

தொக்கம் எடுக்கும் அம்மா என் கழுத்துக்கு மேல் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, கிண்ணத்துத் தண்ணீரில் துப்பினார். ஒரு துண்டு எலும்பு.

“ஆட்டெலும்பு. இம்புட்டு இருந்தா எப்படி மூச்சு வரும்?”

அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். விபூதிப் புதனிலிருந்து எங்கள் அடுப்பில் கறி ஏறவில்லை. சமைக்கிற எனக்குத் தெரியாதா? கூடவே சாப்பிடுகிற நாத்தனார் கன்னத்தில் கைவைத்து அதிசயப்பட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, திட்டத்தான் குரல் இல்லை.

“செத்த படும்மா” என்று பாயில் சாய்த்தார்கள். படுத்ததும் மூச்சு இன்னும் அடைத்தது. உதறி எழுந்து வெளியே வந்து, காத்திருந்த ஆட்டோவில் உட்கார்ந்தேன். டிரைவர் என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டதும், “ஆஸ்பத்திரிக்குத்தானக்கா?” என்று வண்டியைக் கிளப்பினார். வீட்டுக்காரர் ஓடிவந்து ஏறி, வழியெல்லாம் என் முதுகைத் தடவிக்கொண்டே அழுதார்.

ஊசியும் ஆக்சிஜனும் கொடுத்த பிறகு டாக்டர் சொன்னார்: “வைரஸ் காய்ச்சல்ல அபூர்வமா மூச்சு போற வழியே இப்படி வீங்கிரும். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா கழுத்துல ஓட்டை போட்டுத்தான் மூச்சு விட வச்சிருக்கணும். எதுக்கு இம்புட்டு லேட்டு?”

வீடு திரும்பியதும் பார்க்க வந்தவர்களிடம் நாத்தனார், “நல்லவேளை, தொக்கம் எடுத்தோம். இல்லன்னா எந்த டாக்டர் பாத்தும் பிரயோசனமில்ல” என்றார். அவர் மேல்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரமில்லை. நிஜமாகவே அப்படி நம்புகிறவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவர், “ஆமாக்கா” என்றார்.