நைட் டூட்டிக்காரியின் பகல்

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் பகலில் தூங்குவது ஒரு தனி வேலை. சம்பளம் இல்லாத வேலை. நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் ஒரு வாரம் நைட் டூட்டி வரும். காலையில் வந்து ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டுப் படுத்தால், பக்கத்து ஹோம்ஸ்டேக்கு வந்தவர்கள் எங்கள் கதவைத் தட்டி, "லேக்குக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்பார்கள். எழுந்து வழி சொல்லிவிட்டு வந்து படுத்தால், என் தூக்கமும் அவர்களோடு லேக்குக்குப் போயிருக்கும்.

அந்த வாரம் முடிந்துவிட்டது என்று சொன்னால் உடம்பு நம்புவதில்லை. பகல் டூட்டிக்கு மாறிய பிறகும் நடுராத்திரியில் பசிக்கும், சாப்பாட்டு நேரத்தில் குமட்டும். நோயாளிகளிடம், "நல்லா தூங்குங்க, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லும்போது எனக்கே எரிச்சலாக வரும்.

போன சீசனில் ஒரு விடியற்காலை, ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியை அடுத்த கட்டில்காரருக்குப் போடப் போய்விட்டேன். கூட இருந்த நர்ஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பயம் வீட்டுக்கு வந்ததும் கோபமாகிவிட்டது. டூரிஸ்ட் வேன் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரிடம் ஊசி மாறப் போனதைச் சொல்லிக் கத்தினேன்.

"பகல்ல எனக்குத் தூக்கம் இல்லேன்னா, யாராச்சும் என் கையால செத்துருவாங்க. பாத்துக்கங்க."

எங்கள் ஏழு வயது மகள் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் லீவு. அன்றிலிருந்து அவள் டிவியைச் சத்தமில்லாமல் பார்த்தாள். கதவை யாராவது தட்டினால் ஓடிப்போய் அவளே வழி சொல்லி அனுப்பினாள். என் பிள்ளை எவ்வளவு சமர்த்து என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பீற்றிக்கொண்டேன். எனக்குத் தூக்கம் கிடைத்தது, வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு மதியம் தானாக விழிப்பு வந்தது. ஹாலில் மகளைக் காணவில்லை. பாத்ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வலது கையை வாளித் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். பால் பவுடர் கலக்கலாம் என்று பிளாஸ்கைச் சாய்த்திருக்கிறாள், வெந்நீர் கையில் கொட்டிவிட்டது. கொடைக்கானல் தண்ணீரில் எவ்வளவு நேரம் இருந்தாளோ, உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரின் இடது கையைக் கடித்துக் கடித்து, அது எச்சிலில் ஊறிப் போயிருந்தது.

"ஏன்டி, என்னைய எழுப்ப வேண்டியதுதானே?"

"எழுப்புனா நீ ஊசிய மாத்திப் போட்டுருவேல்ல. அவங்க செத்துப் போயிருவாங்கள்ல."

மருந்து தடவிக் கட்டுப் போட்டேன். அவள் அப்போதும் முனகவில்லை.

"அழுதுரு கண்ணு, சத்தம் போட்டே அழு. அம்மா முழிச்சுட்டேன்ல" என்றேன்.

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"நீ இன்னுங் கொஞ்ச நேரம் போயி படும்மா. இன்னிக்கும் நைட்டு டூட்டி இருக்குல்ல."