வேலையோடு வந்த அறை

"...அப்ப ஒனக்கும் லயக்காம்பராதான்னு சொல்லு" என்று அம்மா பாதிச் சிரிப்பில் சொன்னபோது நான் ஒரு கிரில்லின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தேன். கராஜ் மேசையில் சாய்த்து வைத்திருந்த கைபேசி சற்றுமுன் சரிந்துவிட்டிருந்தது. இத்தனை மாதமாக அவள் கண்ணில் படாமல் நான் பார்த்துக்கொண்டதெல்லாம், பின்னாலிருந்த ஒற்றைக் கட்டில், சின்ன ஜன்னல், கொடியில் தொங்கிய சட்டைகள், ஒரே நொடியில் தெரிந்துபோயிற்று. கனடாவில் அப்போது கோடை மாலை எட்டரை மணி. வெயில் இன்னும் வேலியை விட்டு இறங்கவில்லை. இலங்கையில், ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மறுநாள் காலை ஆறு; தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தின் ஒற்றைக் காம்பராவிலிருந்துதான் அவள் பேசினாள்.

கிரில் என்றதும் ஊரில் இருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பிதான் ஞாபகம் வரும். இங்கே அது வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில் நிற்கும் இறைச்சி வாட்டுகிற கேஸ் அடுப்பு. சக்கரம் உண்டு, மூடி உண்டு, மழைக்கு ஓர் உறையும் உண்டு. புகை போக வழியில்லாத ஒரே காம்பராவுக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்களுக்குச் சமைத்துப் போட்டவளிடம் இதை விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"மழை பெஞ்சா என்னா செய்வாங்க?"

"மூடி வெச்சுட்டு உள்ள போயிச் சமைப்பாங்கம்மா."

"உள்ளயும் அடுப்பு இருக்கா? அப்பொறம் எதுக்கு வெளிய ஒண்ணு?"

 அந்த வேண்டாத இரண்டாவது அடுப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. என் முதலாளி டேவ் எழுபதைத் தாண்டிய பழைய மெக்கானிக். அவருடைய பிக்கப் வண்டியில் போய், வேண்டாமென்று விற்கிற கிரில்களை வாங்கி வருவோம். விற்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வாய்தான்: "இரண்டே கோடைதான் பாவித்தோம்." இருபது வருடத் துருவோடு நிற்பதற்கும் இரண்டே கோடைதான் வயது. டேவ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் குனிந்து அடிப்பாகத்தைத் தட்டிப் பார்ப்பேன். அங்கே ஓட்டை விழுந்திருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவோம். மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. கேஸ் வரும் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும். அதைக் கம்பி விட்டு எடுத்தாலே பாதி பர்னர்கள் உயிர் பெற்றுவிடும். பிறகு கொழுப்பைச் சுரண்டி, தட்டுகளை ஊறப்போட்டுத் தேய்த்து, இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிக் கசிவு பார்த்துக் கொளுத்தினால், நீலச் சுடர் வரிசையாக எழும். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு உலகத்தில் ஒரு குறையும் இருக்காது. ஹட்டன் டவுனில் நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் ஒருவரின் கேஸ் அடுப்புக் கடையில் சும்மா நின்று பார்த்தே பழகிய வேலை. "அடுப்பு பேசும் தம்பி, காது குடுத்துக் கேளுங்க" என்பார் அவர்.

இந்த அறை எப்படி வந்தது என்பதைச் சொன்னால் இங்குள்ளவர்கள் சிரிப்பார்கள். மலைநாட்டில் இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கமாட்டார்கள். வேலைக்கு வந்த முதல் நாள் டேவ் சொன்னார்: "வேலை ஒரு விஷயம், நீ எங்கே இருக்கிறாய் என்பது வேறு விஷயம். இடம் கிடைக்கும்வரை கராஜுக்குப் பின்னாலுள்ள அறையில் இரு."  இவர் நம்மை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்போவதில்லை என்றே எடுத்துக்கொண்டேன். அறை தராத வேலை எங்களுக்கு வேலையே அல்ல. அன்றாடம் வந்துபோகிற வெளியாள் செய்வது. "கூலியில் பிடித்துக்கொள்ளுங்கள், அறையையும் வேலையோடு சேர்த்துத் தாருங்கள்" என்று கெஞ்சினேன். "நிச்சயமாகவா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஆம் என்றேன். இங்கே வேலை செய்யும்வரை அறை உனக்கு என்று ஒரு தாளில் எழுதியும் வாங்கினேன். எனக்கு நல்லது செய்துவிட்டதாக அவர் நினைத்தார். ஜெயித்துவிட்டதாக நான் நினைத்தேன்.

அப்பா இறந்து எட்டாம் நாள், தோட்டத்தில் ஆள் கணக்குப் பார்க்கும் கணக்கப்பிள்ளை எங்கள் வாசலில் வந்து நின்றது இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. கெட்ட மனிதரல்ல, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார். "மனசுல வெச்சுக்காதீங்க, இனிமே இந்தக் காம்பராவுல இருந்து யாரு வேலைக்கி?" அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டிருந்த அம்மா, அடுத்த திங்கட்கிழமை மறுபடி கொழுந்து பறிக்கப் போனாள். ஒரு காம்பராவுக்கு வேலைப் பதிவில் ஒரு பேராவது இருக்கவேண்டும் என்பது எங்கள் தோட்டத்துப் பழக்கம். அவளுடைய முழங்கால் இப்போது ஏற்றத்துக்கு ஒத்துழைக்கவில்லை. "நான் நல்ல வீட்ல இருக்கேன். ஹட்டன் டவுன்ல ஒங்களுக்கும் ஒரு வீடு எடுத்துத் தர்றேன். இந்த மாசத்தோட நின்னுருங்க" என்று தைப்பொங்கலிலிருந்து வாய் ஓயாமல் சொல்லிவந்தவன் நான்தான்.

வழியும் வராமல் இல்லை. கிரில் வாங்க வந்த ஒருவர் என் கைவேலையைப் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரத் தூரத்திலுள்ள தன் பட்டறைக்குக் கூப்பிட்டார். உணவகங்களின் அடுப்புகள், பனிக்காலத்திலும் வேலை நிற்காது. அந்தச் சம்பளத்தில் எனக்கு ஓர் அறையும் அம்மாவுக்கு ஹட்டனில் ஒரு வீடும் தாராளமாக எடுக்கலாம். நான் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, "இருக்க இடம்?" என்பதுதான். "ஊரெல்லாம் வாடகை அறைதானே" என்று அவர் தோளைக் குலுக்கினார். நாளைக்குள் பதில் சொல்லவேண்டும். சரி என்று சொல்லமாட்டேன் என்பது எனக்கு இரண்டு நாளாகவே தெரியும்.

"இன்னைக்கி பெரட்டுல கணக்கப்பிள்ளைகிட்ட வேலைய விட்டு நிக்கப்போறேன்னு சொல்லிறவான்னு கேக்கத்தான் எடுத்தேன்" என்றாள் அம்மா. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம்தான் பெரட்டு. சிரிப்பு நின்றிருந்தது. இனி மறைத்து என்ன பயன்? அறை, தாள், பட்டறைக்காரர், எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அவரு கூப்புடுறப்ப போனா என்னா?"

"போனா இந்த ரூம் போயிரும்மா."

"ஒங்க தொரை விடமாட்டேங்கிறாரா?"

"இல்ல. போன்னுதான் சொல்றாரு."

"அங்க வாடகைக்கி எடமில்லையா?"

"இருக்கு."

"அப்பொறம் என்னாடா?"

கையிலிருந்த பர்னரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "தெரியலம்மா. கால் வரமாட்டேங்குது."

திட்டுவாள் என்று நினைத்தேன்.  "வலப்பனையில இருந்து ஒங்க அக்கா அவ வீட்டுக்கு வா வான்னு எத்தன வருசமா கூப்புடுறா" என்றாள். "பையெல்லாம் கட்டி வெச்சேன் ஒருக்கா. இந்தா, இந்தக் கதவுகிட்டயே நின்னுட்டுப் பிரிச்சிட்டேன். ஒன்னைய என்னா சொல்றது." பிறகு, "சரி, நேரமாச்சு" என்றாள்.

இணைப்பைத் துண்டிப்பாள் என்று காத்திருந்தேன். துண்டிக்கவில்லை. கைபேசியை அலமாரியில் சாமிப் படத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். செடி கீறாமலிருக்க இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக் கட்டினாள். கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் முழங்காலை அழுத்தியபடி வாசற்படி இறங்கி, என்னை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் பெரட்டுக்குப் போனாள்.