அப்பா மேலே போன மத்தியானம்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடும் ஆள் நான். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பது என் வேலை; கருவி காட்டுவதை மட்டும் நம்பிப் பழகியவள். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, காரணம் மட்டும் சொல்லித்தர வேண்டாம், எல்லாக் காரணத்தையும் நானே பார்த்துவிட்டேன்.

அப்பா மலைநாட்டில் பிறந்து பதினேழு வயதில் கீழே சமவெளியிலுள்ள மாங்குளத்துக்கு வந்தவர். பிறந்த தேயிலைத் தோட்டத்தை இன்றும் ‘மேல’ என்றுதான் சொல்வார். அங்கே பெரியப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், போய்ப் பார்த்தே தீரவேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அவருக்கோ நெல் ஆலைத் தூசியில் அரைவாசி போன நுரையீரல். ஒன்று, ஆறாயிரம் அடியில் காற்று மெலிது. இரண்டு, மூச்சும் இதயமும் விழுந்தடித்து ஓடும். மூன்று, உடம்பு பழக இரண்டு மூன்று நாளாகும், அதுவரை நீங்கள் தாங்கமாட்டீர்கள், அப்பா. தாளில் எழுதியே கொடுத்தேன். அந்தத் தாளில் வெற்றிலை மடித்தார்.

போதாக்குறைக்கு வேலியடியில் நின்று, “மேல போகப்போறேன்” என்று பக்கத்து வீட்டு ராசமக்காவிடம் சொல்லியிருக்கிறார். ராசமக்கா யாழ்ப்பாணத்துக்காரி, அலறியடித்து ஓடிவந்தார்.

“ஐயோ பிள்ளை, கொப்பர் இப்பிடிக் கதைக்கிறார், நீ பாத்துக்கொண்டு நிக்கிறியே?”

“அக்கா, அவர் நுவரெலியாவைச் சொல்லுறார்.”

“அப்ப நுவரெலியா எண்டு சொல்லுறதுக்கென்ன!”

நான் போகவிடவில்லை. மறுநாள் மத்தியானம், மணல் காலைச் சுடும் வெயிலில், முற்றத்துக் கதிரையில் சாய்ந்திருந்தபடியே அப்பா மூச்சு வாங்கினார். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியைப் போட்டேன். எப்போதும் தொண்ணூற்றைந்து காட்டும் மனிதருக்கு எண்பத்தாறு. நாடி நூற்றிருபது. விரல் ஐஸ். பற்றரி மாற்றினேன், விரல் மாற்றினேன், என் விரலில் போட்டால் தொண்ணூற்றெட்டு.

“அப்பா, ஆஸ்பத்திரிக்கு எழும்புங்கோ!”

“கத்தாத புள்ள. மேல வந்துட்டேன், ஏத்தம், அதான் மூச்சு வாங்குது.”

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

மூன்று நாள் வார்ட்டில் வைத்தார்கள். சளியில்லை, மாரடைப்பில்லை, காய்ச்சலில்லை. ஒட்சிசன் கொடுத்தும் உடனே ஏறவில்லை. எண்பத்தாறு, மறுநாள் எண்பத்தொன்பது, அடுத்தநாள் தொண்ணூற்றிரண்டு, நாடியும் அதேபோல் மெல்ல மெல்ல இறங்கியது. நம்பினால் நம்புங்கள், மலையேறியவரின் உடம்பு பழகுவது அப்படித்தான். என் தாளின் மூன்றாவது வரி.

அந்த மூன்றாம் நாள் பின்னேரம் தோட்டத்திலிருந்து பெரியம்மாவின் போன் வந்தது. பெரியப்பா போய்விட்டார். “மூணு நாளா, ‘தம்பி வந்திருக்கான், மூச்சு வாங்குறான், ஒரு நாக்காலி போடு’ன்னு ஒரே தொல்லை. போட்டு வச்சோம்மா.”

அப்பாவிடம் சொல்லத் தெரியாமல் கட்டிலடியில் நின்றேன். “தெரியும் புள்ள. அண்ணன் கண்ண மூடிவிட்டுட்டுத்தான் எறங்குனேன்” என்றார். கருவி தொண்ணூற்றைந்து காட்டியது.

நான் தடுத்ததை அப்பா இன்றுவரை ஒரு சொல் குறை சொன்னதில்லை. போகாமல் விட்டவர்தானே குறை சொல்வார்.

போன கிழமை, பெரியம்மாவுக்குச் சுகமில்லை என்று செய்தி. அப்பா கதிரையை முற்றத்துக்கு இழுத்தார். “வாங்கோப்பா, நானும் வாறன், பஸ்ஸிலயே போவம்” என்றேன்.

“பஸ்ஸு எதுக்கு புள்ள? வளைவுல தல சுத்தும்.”